காற்றுக்கு ஒரு வழி

மனிதன் தனக்கென்று ஆக்கிக்கொள்ளும் பொருள்களுள், வீட்டைப் போல நெடுநாள் நின்று அவனைப் பற்றிச் சான்று கூறுவது பிறிதொன்றில்லை. உடை கிழிந்துபோகும், சொல் காற்றோடு கலந்துபோகும். வீடோ, கட்டியவனுடைய அறிவையும் அறியாமையையும் ஒருசேரச் சுமந்துகொண்டு, அவனுக்குப் பின்னும் வெயிலிலும் மழையிலும் நிற்கும். நம் அறியாமைக்கு அங்ஙனம் சான்று கூறி நிற்கும் வீடொன்று காரோட்டில் உள்ளது. அது நமக்குக் கற்பித்த பாடத்தை இம்மலரில் எழுதிவைத்தல் நன்றெனத் தோன்றிற்று.

காரோடு, திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், நெய்யாற்றின்கரை வட்டத்தில், பாறசாலையை அடுத்து அமைந்த எல்லையூர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆதலின் எம்மூர்த் திண்ணைகளில் தமிழும் மலையாளமும் அக்காள் தங்கையரைப் போல அருகருகே அமர்ந்திருக்கும். அண்மை ஆண்டுகளில் இவ்வூரின் பெயர் தொலைவிலுள்ளோர்க்கும் தெரியலாயிற்று. 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், கழக்கூட்டத்திலிருந்து புறப்படும் புறவழிச்சாலை காரோட்டில் வந்து முடிகிறது. அதில் முக்கோலா முதல் காரோடு வரையுள்ள பகுதி தாரிடாமல் காங்கிரீட்டினாலேயே அமைந்தது. சாலைக்கென அறுக்கப்பட்ட மேடுகளின் ஓரத்தில் நின்று நோக்கினால், நம் முன்னோர் எதைக் குழைத்து வீடு கட்டினார்களோ அந்தச் செம்மண், அடுக்கடுக்காய்த் திறந்து கிடப்பதைக் காணலாம்.

அந்த மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. மலபாரில் அங்ஙாடிப்புறத்தில் மக்கள் மண்ணுக்கடியிலிருந்து கல்லை வெட்டி வீடு கட்டுவதைக் கண்ட பிரான்சிசு புக்கானன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு அலுவலர், 1807இல் வெளியிட்ட தம் நூலில் அதற்கு ‘லேட்டரைட்’ என்று பெயரிட்டார். இலத்தீன் மொழியில் செங்கல்லைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். நிலத்தில் கிடக்கும்போது கோடரிக்கு இணங்கும் மென்மையும், வெட்டி எடுத்துக் காற்றில் வைத்தபின் இறுகும் வன்மையும் அதன் இயல்பு. இயற்கையே பாதி சமைத்து வைத்த செங்கல் என்று அதனைக் கூறலாம்.

நம் தந்தையார் கட்டிய வீடு செம்மண் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்டது. சுவர் ஒன்றரைச் சாண் கனம். கூரை இருபுறமும் சரிந்து, இறவாரம் ஆளின் தோள் உயரம் வரை தாழ்ந்து வந்திருக்கும். நெட்டையர் குனிந்தே படிப்புரையில் ஏறவேண்டும். அத்தாழ்வைச் சிறு வயதில் நாம் வறுமையின் அடையாளம் என்று எண்ணினோம். இரண்டு பருவமழையும் பெய்கின்ற நாடு இது. ஆனியில் தென்மேற்கிலிருந்தும் ஐப்பசியில் வடகிழக்கிலிருந்தும் மழை வரும். மண்சுவர் நனைந்தால் கரையும். ஆகவே சுவருக்குக் குடை பிடிக்கவே இறவாரம் தாழ்ந்தது. அதே தாழ்வு மாலை வெயிலையும் தடுத்தது. ஓடுகளின் இடுக்குகள் வழியே அடுக்களைப் புகையும் பகலின் வெப்பமும் வெளியேறின. இவற்றையெல்லாம் தந்தையார் ஏட்டில் படித்தவரல்லர். அவருக்கு முன்னிருந்தவர்கள் நனைந்தும் வெந்தும் கற்றதை அவர் கையால் அறிந்திருந்தார்.

1986ஆம் ஆண்டு அவ்வீட்டை இடித்தோம். தந்தையார் அப்போது காலமாகிவிட்டார். நாம் அரசுப் பணியில் அமர்ந்து நான்கு காசு சேர்த்திருந்தோம். தெருவில் மூன்று வீடுகள் ‘வார்ப்பு’ வீடுகளாய் எழுந்திருந்தன. தட்டையான கூரையும் சதுர முகப்புமாக நகரத்தில் கண்ட ஒரு வீட்டின் படத்தைக் கொத்தனாரிடம் காட்டி, ‘இதைப் போல’ என்றோம். அந்த வீடு எத்திசை நோக்கி நின்றது, அங்கு எவ்வளவு மழை பெய்கிறது என்று நாமும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. நம் அன்னையாரிடம் ஒப்புக்குச் சொன்னோமேயன்றிக் கருத்துக் கேட்டோமில்லை. பழைய வீட்டின் ஓடுகளை மட்டும் அவர் வீணாக்கவிடாமல், தொழுவத்தை ஒட்டிய சாய்ப்பின் பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி வைத்தார்.

புது வீடு புகுந்த முதல் கோடையிலேயே பாடம் தொடங்கிற்று. காங்கிரீட் தட்டு பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு இரவெல்லாம் அதனை நம் தலைமேல் உமிழ்ந்தது. கடற்காற்று எழும் மேற்றிசையில் நாம் வைத்தது கண்ணாடிச் சாளரங்களை; அவை காற்றுக்கு மூடியும் வெயிலுக்குத் திறந்தும் இருந்தன. இரண்டாம் மழைக்காலத்தில் தட்டையான கூரையில் நீர் தேங்கி, மூலையில் கசிந்தது. பிறகு கூரைக்குமேல் இரும்புத் தூண் நாட்டித் தகரக் கூரை வேய்ந்தோம். இன்று கேரளமெங்கும் வார்ப்பு வீடுகளின்மேல் இவ்வாறு இரண்டாம் கூரை ஏறி நிற்பதைக் காண்கிறோம். சரிவான கூரையை இகழ்ந்து இறக்கிய கையாலேயே அதனை மீண்டும் ஏற்றி வைத்தோம், விலைதான் இருமடங்காயிற்று.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அன்னையார் தம் பாயைச் சுருட்டிக்கொண்டு சாய்ப்புக்குப் போனதை மட்டும் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. பழைய வீட்டில் எஞ்சியது அந்த ஓட்டுச் சாய்ப்பு ஒன்றே. ‘ஏன் அங்கே படுக்கிறீர்கள்?’ என்று கேட்டோம். “வீடு நல்லாத்தான் இருக்கு மக்களே, காத்துக்குத்தான் வழி தெரியல்ல” என்றார். அதற்குமேல் ஒரு குறையும் கூறியதில்லை. இறுதிவரை பதினோர் ஆண்டுகள் அங்கேயே உறங்கினார். மகன் கட்டிய மாளிகையில் அவர் விருந்தாளியாகவே வாழ்ந்தார் என்னும் நினைவு இன்றும் நம்மைச் சுடுகிறது.

அவர் மறைந்த பின்னரே அச்சொல்லின் ஆழம் புலப்பட்டது. சாளரத்துக்குப் பழந்தமிழில் ‘காலதர்’ என்றொரு பெயர் உண்டு. கால் என்பது காற்று. அதர் என்பது வழி. வெளியே பார்ப்பதற்கான கண்ணாகவன்றி, காற்று நடந்து வரும் பாதையாகவே தமிழர் அதனைக் கருதினர். ஆங்கிலத்தில் வழங்கும் ‘விண்டோ’ என்னும் சொல்லும் பழைய வடபுலத்து மொழியில் ‘காற்றுக் கண்’ என்னும் பொருளிலிருந்து வந்ததென்பர் மொழிநூலார். மான்விழி போன்ற துளைகளையுடைய காலதர்களைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. நெடுநல்வாடையிலோ, நக்கீரர் அரண்மனைக்கு மனை வகுக்கும் திறத்தைப் பாடுகிறார். கோல் நாட்டி, ஞாயிற்றின் நிழலால் திசை தேர்ந்து, நூலிட்டு, அதன் பின்னரே மனை வகுத்தனர் அக்கால நூலறிந்தோர். கூதிர்க்காலத்தில் மக்கள் காற்றுவரும் பள்ளியை விட்டுக் கதவடைத்த உள்ளறைக்கு மாறுவதையும் அப்பாட்டில் காண்கிறோம். ஞாயிற்றையும் காற்றையும் கேட்டு வீடு கட்டிய மரபில் வந்தவர்கள் நாம். அன்னையார் ஏடறியாதவர், ஆயினும் அவர் நாவில் அந்த மரபு உயிரோடிருந்தது. ஏடு படித்த நம் கையில் அது இறந்திருந்தது.

இஃதிவ்வாறிருக்க, சில ஆண்டுகளுக்கு முன் தம்பி மகன் எஞ்சிய மனையில் வீடு கட்ட முற்பட்டான். மனை கூட்டுச் சொத்து. நம் கையொப்பம் வேண்டும். அவன் கொணர்ந்த வரைபடத்தைக் கண்டதும் நெஞ்சு திடுக்கிட்டது. 1986இல் நாம் காட்டிய படமே சற்றுப் பெரிதாகி வந்திருந்தது. மேற்கே அன்னையார் நட்ட பலா நிற்குமிடத்தில் கார் நிறுத்தும் கொட்டகை வரையப்பட்டிருந்தது. நாம் ஒப்பமிடாமல், ‘முதலில் என்னோடு வா’ என்று அவனைப் பாறசாலையில் தொடர்வண்டி ஏற்றித் திருவனந்தபுரம் அழைத்துச் சென்றோம்.

தம்பானூரில் நிலையத்தின் அருகிலேயே இந்தியன் காப்பி ஹவுஸ் உள்ளது. செங்கல்லால் சுற்றிச் சுற்றி மேலேறும் உருளை வடிவம். உள்ளே படிக்கட்டு இல்லை. சாய்தளமே நடைபாதையாகவும் கூடமாகவும் வளைந்து ஏறுகிறது. சுவரெங்கும் சிறு துளைகள். பேருந்துகளின் இரைச்சலுக்கு நடுவே, நண்பகலில், அத்துளைகள் வழியே ஒளி பொடிப்பொடியாய் உள்ளே விழக் காப்பி அருந்தலாம். குறுகிய மனையில் எழுந்த அக்கட்டடத்தை வரைந்தவர் லாரி பேக்கர்.

பேக்கர் 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது சீனத்தில் மருத்துவத் தொண்டாற்றித் திரும்புகையில், கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்த வேளையில் காந்தியடிகளைக் கண்டார். 1945இல் தொழுநோயாளர்க்கான மருத்துவமனைகள் கட்டும் பணியேற்று இந்தியா வந்தார். மருத்துவரான எலிசபெத் அம்மையாரை மணந்து, இமயமலைச் சாரலில் பித்தோராகட்டில் பதினைந்து ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்தார். அங்கு மலைவாழ் மக்கள் கல்லாலும் மரத்தாலும் கட்டிய வீடுகளே தம் ஆசான் என்று கருதினார். பின்னர்க் கேரளம் வந்து திருவனந்தபுரத்தில் நாலாஞ்சிறையில் குடியமர்ந்தார். 1989இல் இந்தியக் குடியுரிமையும் 1990இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். 2007 ஏப்ரல் முதல் நாள் மறைந்தார்.

அடுத்து, உள்ளூரில் அமைந்த வளர்ச்சி ஆய்வு மையத்துக்குச் சென்றோம். பொருளியலறிஞர் கே. என். ராஜ் தலைமையில் 1971இல் தொடங்கிய நிறுவனம் அது. அதன் கட்டடங்கள் மேட்டைச் சமன் செய்து நிற்கவில்லை. சரிவோடு சரிவாய் ஏறியும் இறங்கியும் செல்கின்றன. மரம் குறுக்கிட்ட இடத்தில் சுவர் வளைந்து விலகியிருக்கிறது. செங்கற் சுவர்களில் பூச்சு இல்லை. பிற்காலத்தில் எழுந்த கணிப்பொறிக் கூடத்துக்கு இரட்டைச் சுவர். வெளிச்சுவர் முழுதும் துளைவேலை. குளிரூட்ட வேண்டிய கூடத்தின் மீது வெயில் நேரே விழாவண்ணம் அது நிழற்குடையாகிறது.

அங்குக் கண்ட இரண்டு உத்திகளை இங்கு விளக்குவது பயன்படும். ஒன்று, எலிப்பொறிக் கட்டு. செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்கினால், ஒன்பது அங்குலச் சுவரின் நடுவே வெற்றிடம் உண்டாகிறது. செங்கல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சம். நடுவிலுள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. மற்றொன்று, ஓடு பதித்த வார்ப்பு. காங்கிரீட் தட்டின் மேற்பகுதியே அமுக்கத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பகுதியின் இழுவிசையைக் கம்பி தாங்குகிறது. அங்குள்ள காங்கிரீட் பெரும்பாலும் வெறும் சுமையே. அவ்விடத்தில் பழைய ஓடுகளை வைத்து வார்த்தால் சிமெண்டும் குறையும், எடையும் குறையும், ஓடுகளுக்கிடையே சிறைப்பட்ட காற்றால் வெப்பமும் குறையும். இதைக் கேட்டதும் சாய்ப்பின் பின்னால் பாசி படர்ந்து கிடக்கும் ஓட்டடுக்கு நம் நினைவில் எழுந்தது.

நல்ல ஊரில் நல்ல வீடு, ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களால் ஆகவேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்து, பேக்கரின் வாழ்நாள் முழுதும் வழிகாட்டிற்று. திரும்பும் வண்டியில் நாமும் காரோட்டை நடுவாக வைத்து மனத்தில் ஐந்து மைல் வட்டமொன்று வரைந்தோம். செம்மண், சூளைச் செங்கல், கருங்கல், தென்னை, பனை, பலா, அயினி, கடற்கரைச் சிப்பியினின்று நீற்றிய சுண்ணாம்பு யாவும் அதற்குள் அடங்கின. அந்த வட்டத்தின் ஒரு பெரும்பகுதி தமிழ்நாட்டில் விழுகிறது என்பதும் அப்போது புலனாயிற்று. மண்ணுக்கும் காற்றுக்கும் மாநில எல்லை தெரியாது.

இவ்வுண்மையை மறுநாள் பத்மநாபபுரத்தில் இன்னும் தெளிவாய்க் கண்டோம். தக்கலையை அடுத்துத் தமிழ்நாட்டில் நிற்கும் அவ்வரண்மனையைக் கேரள அரசின் தொல்பொருள் துறை பேணி வருகிறது. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகர் அதுவே. மந்திரசாலையின் சாய்ந்த மரச் சட்டங்கள் வழியே காற்று வருகிறது, மழை வருவதில்லை, கண் கூசும் வெயில் தணிந்து நுழைகிறது. அங்கும் இறவாரம் தாழ்ந்தே இருந்தது. மன்னனும் குனிந்தே நுழைந்தான் என்றால், தந்தையார் வீட்டின் தாழ்வு வறுமையாகுமா?

வீடு திரும்பியதும் தம்பி மகன் தன் மனத்திலுள்ளதைக் கூறினான். “பெரியப்பா, பாக்க நல்லாத்தான் இருக்கு. சாரல் அடிச்சா துளை வழியா தண்ணி வராதா? கொசு வராதா? பூசாத செங்கல்லைப் பாத்தா, காசு தீந்துபோச்சுன்னுல்லா ஊரு சொல்லும்?” என்றான். இவ்வாறு செங்கல் அடுக்கத் தெரிந்த கொத்தனார் அருகில் இல்லை. கேரளத்தில் கூலியும் மிகுதி. பொருளில் மிஞ்சுவது கூலியில் போகும் என்றும் கணக்குக் காட்டினான். சிமெண்டைப் பழிப்பதில் பொருளில்லை என்றும் வாதிட்டான். அதுவும் உண்மையே. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி முழுதும் காங்கிரீட்டால் ஆனது. அந்தோனின் ரேமண்ட் வரைந்து, 1937இல் பணி தொடங்கியது. கண்ணாடிச் சாளரத்துக்கு மாற்றாகத் திறந்து மூடும் கிடைப்பலகைகள் சுவர் நெடுகிலும் அமைந்துள்ளன. நெடிய பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியிருக்கின்றன. காங்கிரீட் குற்றவாளி அன்று. கேளாமல் கட்டுவதே குற்றம்.

ஆயினும் நாம் அன்று தோற்க விரும்பவில்லை. ‘பலாவை வெட்டுவதாயிருந்தால் ஒப்பமிடமாட்டேன்’ என்று கூறிவிட்டோம். அவன் முகம் வாடிப் போனான். அன்றிரவு நம் இல்லாள் அமைதியாய்ச் சொன்னார்: “அன்னைக்கு அத்தைகிட்ட கேக்காம இடிச்சீங்க. இன்னைக்கு பிள்ளைகிட்ட கேக்காம கட்டப் பாக்கீங்க. வித்தியாசம் என்ன?” நமக்கு மறுமொழி இல்லை. சுற்றுச்சூழலுக்கு இயைந்த கட்டடம் என்று மண்ணையும் காற்றையும் மரத்தையும் பேசினோம். அதில் வாழப்போகும் மனிதர்களை மறந்தோம். வீட்டுக்கு முதற் சூழல், அதனுள் உறங்குகின்றவர்களே அல்லரோ?

மறுநாள் காலையில் எந்த நிபந்தனையுமின்றி ஒப்பமிட்டுக் கொடுத்தோம். கொடுக்கும்போது, அவன் ஆச்சி சாய்ப்பில் உறங்கிய பதினோர் ஆண்டுகளையும், அவர் கூறிய அந்த ஒரு சொல்லையும் மட்டும் சொன்னோம். அவன் ஒன்றும் கூறாமல் தாளை மடித்துக்கொண்டு போனான்.

பத்து நாள் கழித்துப் புதிய வரைபடத்தோடு வந்தான். வீடு கால் வட்டம் திரும்பியிருந்தது. மேற்கே, பலாவின் நிழலில், அகன்ற படிப்புரை. கார்க் கொட்டகை கிழக்கே போயிருந்தது. மாடி வார்ப்பில் ஓடு பதிக்க ஒப்புக்கொண்டான். பொறியாளரோடு அமர்ந்து கம்பிக் கணக்கும் பார்த்துவிட்டான். படிக்கட்டுச் சுவரில் மட்டும் துளைவேலை, உட்புறம் கொசுவலை, மேலே சாரலைத் தடுக்க நீண்ட இறவாரம். முகப்புச் சுவர்களுக்குப் பூச்சு உண்டு. மாமனார் வீட்டார் வருவார்கள் என்றான். எலிப்பொறிக் கட்டுக்குக் கொத்தனார் கிடைக்காமையால் சுவர் வழக்கம்போலவே எழுந்தது. பேக்கர் கண்டிருந்தால் இதனைத் தம் வழியென்று ஒப்பியிருக்க மாட்டார். நமக்கோ அது போதுமானதாய் இருந்தது.

சாய்ப்பின் பின்னாலிருந்து அன்னையார் அடுக்கி வைத்த ஓடுகளை எடுத்து, பாசி தேய்த்துக் கழுவி, உடைந்தவற்றை நீக்கி எண்ணிக் கொடுத்தது நம் பணியாயிற்று. அவரது கை அடுக்கிய ஒழுங்கு குலையாமல் அப்படியே இருந்தது. எதற்கென்று அவர் அவற்றை வைத்தார் என்பதை நாம் அன்று கேட்கவில்லை.

வீடு எழுந்து இரண்டு கோடை கடந்துவிட்டது. நம் வார்ப்பு வீடும் தகரக் குல்லாயோடு அருகிலேயே நிற்கிறது; இருக்கட்டும். பங்குனி மாதத்துப் பிற்பகல்களில் நாம் பாயைச் சுருட்டிக்கொண்டு தம்பி மகன் வீட்டுப் படிப்புரைக்குப் போய்விடுகிறோம். பலாவின் இலைகள் முதலில் அசையும். சற்று நேரத்தில் காற்று நம்மீது படும்.

வீடு கட்டப் புகும் அன்பர்கட்கு நாம் கூற விழைவது ஒன்றே. படத்தைக் கையில் எடுக்குமுன் ஓராண்டு மனையில் நின்று பாருங்கள்: வெயில் எங்கே விழுகிறது, மழை எப்பக்கம் சாய்ந்து வருகிறது, காற்று எவ்வழி நடக்கிறது என்று. பின்னர் வீட்டிலுள்ள முதியவரையும் இளையவரையும் அருகில் அமர்த்திக் கேளுங்கள். நாம் கேளாமல் கட்டியதற்கு, நம் அன்னையார் பதினோர் ஆண்டுகள் விலை கொடுத்தார்.